ஆடுவதா, ஆட்டுவிப்பதா, மெட்டுப் போடுவதா?

ஆடவும் வரும், பியானோவும் கொஞ்சம் வரும், பள்ளி விழாவுக்கு நாலு பேரை வைத்து நடனம் அமைத்த அனுபவமும் உண்டு. இசை நாடக மேடைதான் இனி என்று மனசுக்குள் முடிவும் செய்தாயிற்று. அப்புறம்தான் சிக்கல். நடனக் கலைஞராகப் போவதா, நடன அமைப்பாளர் ஆவதா, இசையமைப்பாளர் ஆவதா?

யாரிடம் கேட்டாலும் "உனக்கு எதில் திறமை அதிகம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பதினெட்டு வயதில் அதற்கு ஒழுங்கான பதில் யாரிடம் இருக்கிறது? நான் வேறு மூன்று கேள்விகளை வைத்துப் பார்ப்பேன். முதல் சம்பளம் எப்போது வரும்? உடம்பு எத்தனை வருஷம் ஒத்துழைக்க வேண்டும்? நாடகம் நின்ற பிறகு, செய்த வேலை யாருக்குச் சொந்தம்? கடைசிக் கேள்வியை இளம் வயதில் யாரும் கேட்பதே இல்லை. நாற்பது வயதில் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒத்திகைக் கூடம் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையின் முன் விளிம்பில் எண்கள்: நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் 2, 4, 6 என்று போகும். "நீ நாலில் நில்" என்றால் அந்த நாலு. மூலையில் பியானோ. இருபது பேர் ஒரே திருப்பத்தைப் பன்னிரண்டாவது முறையாகச் செய்கிறார்கள். சுற்றி முடித்துத் தங்கள் எண்ணுக்கு வந்து சேர நேரம் போதவில்லை. நடன அமைப்பாளர் கையைத் தட்டி நிறுத்துகிறார். "இன்னும் ஒரு எட்டு வேண்டும்." பியானோவில் இருப்பவர் கொஞ்சம் யோசித்து, பழைய மெட்டையே வளைத்து, எட்டு எண்ணிக்கைக்கு வாசித்துக் காட்டுகிறார். மறுபடி ஆடுகிறார்கள். இப்போது சரியாக உட்கார்ந்துவிட்டது.

இசையமைப்பாளர் அந்த அறையிலேயே இல்லை. எங்கேயோ உட்கார்ந்து இரண்டாம் பாகத்துக்குப் புதுப் பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த எட்டு அவருடைய இசைக் குறிப்புக்குள் போய்ச் சேரும். வியர்த்து வழிந்த இருபது பேருக்கு அந்த வாரச் சம்பளம் உண்டு. அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடித்தவருக்கு நாடகம் ஓடும்வரை ஒரு பங்கு. இல்லாத மனிதருக்குத்தான் அதிக காலம் காசு வரும். அநியாயமாகத் தெரியலாம், ஆனால் தொழில் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் பாதையைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆபத்து.

நடனக் கலைஞரிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் காசு முதலில் வருவது இவருக்குத்தான். சங்க ஒப்பந்தம் உள்ள மேடையில் ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே வாரச் சம்பளம். அமெரிக்காவில் மேடைக் கலைஞர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1913-இல் பிறந்தது. அதற்கு முன் ஒத்திகை வாரங்களுக்குச் சம்பளமே கிடையாது என்பது சர்வசாதாரணம். இருபது வயதில் ஒருவர் ஆடிஷனில் தேறி, தன் சம்பளத்தில் வாடகை கொடுக்க முடிகிற ஒரே வழி இந்த மூன்றில் இதுதான்.

அதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயிலும் லண்டன் வெஸ்ட் எண்டிலும் பழகிப்போன கணக்கு. ஒரே காலில் குதித்து இறங்குவதை வாரத்துக்கு எட்டு முறை, வருஷக்கணக்கில் செய்தால் முழங்கால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் முப்பதுகளில் மேடையை விட்டு இறங்குகிறார்கள். பிரிட்டனில் நடனக் கலைஞர்களை வேறு தொழிலுக்குத் தயார்படுத்துவதற்கென்றே 1973-இல் ஒரு நிதியம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1985-இல் அதேபோல ஓர் அமைப்பு வந்தது. முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெறுவார்கள் என்று கணக்குப் போட்டு நிதி திரட்டும் தொழில்கள் அதிகம் இல்லை.

உடனே யாராவது சீட்டா ரிவேராவைச் சொல்வார்கள். 1957-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் அனிட்டாவாக ஆடியவர். 1986-இல் கார் விபத்தில் கால் பன்னிரண்டு இடங்களில் முறிந்தது. திரும்பி வந்து 1993-இல் அறுபது வயதில் அமெரிக்க மேடையின் பெரிய விருதான டோனியை வாங்கினார். 2015-இல், எண்பதைத் தாண்டிய வயதில், மறுபடி பிராட்வேயில் நின்றார். கேட்கச் சிலிர்க்கும் கதைதான். ஆனால் அவர் பாடவும் நடிக்கவும் தெரிந்த நட்சத்திரம். கூட்டமாக ஆடும் கோரஸ் வரிசையில் மூன்றாவதாக நிற்பவர் இந்தக் கதையை வைத்துத் தன் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது.

சரி, ஆடியவருக்குக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது? இதற்கு ஒரே ஒரு நாடகத்தின் வரலாறு போதும். 1974 ஜனவரியில் மைக்கேல் பென்னட் என்ற நடன அமைப்பாளர் கோரஸ் நடனக் கலைஞர்கள் சிலரை இரவில் உட்காரவைத்து, அவர்கள் வாழ்க்கையைப் பேசச் சொல்லி டேப்பில் பதிவு செய்தார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் 'எ கோரஸ் லைன்'. 1975-இல் தொடங்கி 1990 வரை 6,137 காட்சிகள், நடுவில் புலிட்சர் பரிசு. தங்கள் கதைகளுக்கான உரிமையை அந்தக் கலைஞர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு பென்னட் தன் ராயல்டியிலிருந்து, அதாவது வசூலில் தனக்கு வரும் பங்கிலிருந்து, அவர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கினார், உண்மைதான். ஆனால் அது அவர் கொடுத்தது, அவர்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் இருந்தது அல்ல. நாற்பது வருஷம் கழித்து 'ஹாமில்டன்' இசை நாடகக் குழுவினர் இதே விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். அரங்கேற்றத்துக்கு முன் ஆடிப் பார்த்துச் செதுக்கும் பட்டறைக் காலத்திலேயே நாடகத்தை உருவாக்க உதவியவர்கள் நாங்கள் என்று கேட்டு, 2016-இல் லாபத்தில் பங்கு பெற்றார்கள். ஆடப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: பட்டறைக்குக் கூப்பிடும்போது கேட்டால் உண்டு, நாடகம் பேர்வாங்கிய பிறகு கேட்பது போராட்டம்.

இந்தப் பாதையில் அதிகம் பேசப்படாத ஒரு வேலை ஸ்விங். கோரஸில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த இடத்தில் போய் ஆடுபவர். எட்டு பத்துப் பேரின் பாதைகளைத் தலையில் வைத்திருக்க வேண்டும். நல்ல ஸ்விங்கின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு ஊரின் தெரு வரைபடம் மாதிரி இருக்கும்: ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்த எட்டில், யாருக்குப் பின்னால். வலப் பக்கம் ஆடுபவரின் இடத்தை மதியக் காட்சியிலும், அவருக்கு எதிரே கண்ணாடி பிம்பம்போல ஆடுபவரின் இடத்தை மாலைக் காட்சியிலும் ஆடுவார். கைதட்டல் குறைவு. ஆனால் மொத்த நடனமும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அந்தக் கூடத்தில் முழுசாகத் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். ஸ்விங் அவர்களில் ஒருவர். அடுத்த படி டான்ஸ் கேப்டன். நடன அமைப்பாளர் அடுத்த வேலைக்குப் போன பிறகும் அவர் அமைத்தது கலையாமல் காக்கிற ஆள். வரிசையின் நடுவில் பளிச்சென்று தெரியும் இடமா, ஸ்விங்கா என்று கேட்டால், நடன அமைப்பாளராக ஆசைப்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்விங்கை எடுக்க வேண்டும் என்பேன்.

நடன அமைப்பாளர் பாதைக்குத் தனி வாசல் கிடையாது என்பதும் இதற்கு ஒரு காரணம். அக்னஸ் டி மில் ஆடியவர். ஜெரோம் ராபின்ஸ் பாலே தியேட்டரில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1944 ஏப்ரலில், மாலுமிகள் கதை ஒன்றைத் தன் முதல் பாலேயாக அமைத்தார். இசை, அவர் வயதே ஆன லெனர்ட் பெர்ன்ஸ்டீன். அந்த வருஷம் முடிவதற்குள் அதே மாலுமிகள் கதை விரிந்து இருவருக்கும் முதல் பிராட்வே நாடகமாகிவிட்டது. பாப் ஃபாஸி இரவு விடுதிகளில் ஆடி வளர்ந்தவர். உள்நோக்கித் திரும்பிய முழங்கால்கள், கூனிய தோள், தலையில் தொப்பி என்று அவருடைய பாணியாக உலகம் கொண்டாடுவதில் பாதி, அவர் உடம்பின் குறைகளை மறைக்கக் கண்டுபிடித்தது. முடி கொட்டியதால் வந்தது தொப்பி. வேறொருவர் உடம்பில் நடனம் அமைக்க வேண்டுமானால் முதலில் தன் உடம்போடு சில வருஷம் மல்லுக்கட்டியிருக்க வேண்டும் என்று நான் நம்புவதற்கு ஃபாஸிதான் சாட்சி.

இதில் ஒரு நல்ல செய்தி: வயது இங்கே எதிரி இல்லை. கில்லியன் லின் லண்டனில் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலேயில் ஆடியவர். அவர் நடனம் அமைத்த 'கேட்ஸ்' 1981-இல் அரங்கேறியபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அது 21 வருஷம் ஓடிய நியூ லண்டன் தியேட்டருக்கே 2018-இல் அவர் பெயரை வைத்தார்கள். ஆடுபவரின் கடிகாரம் நின்றுபோகும் வயதில்தான் இவருடையது வேகமெடுத்தது.

காசு விஷயத்தில் நடன அமைப்பாளர் நடுவில் நிற்கிறார். வேலைக்கு ஒரு மொத்தத் தொகை, பிறகு நாடகம் ஓடும் வாரங்களுக்கு வசூலை ஒட்டி ராயல்டி. இதுகூடச் சும்மா வரவில்லை. 1943-இல் தொடங்கிய 'ஓக்லஹோமா!' 2,212 காட்சிகள் ஓடியது. அதன் கனவு நடனம் இசை நாடகத்தையே திசைதிருப்பியது என்று இன்றும் எழுதுகிறார்கள். அதை அமைத்த டி மில்லுக்கு அதிலிருந்து கிடைத்ததோ சொற்பம். இயக்குநர்களும் நடன அமைப்பாளர்களும் சேர்ந்து சங்கம் வைத்தது 1959-இல்தான்.

அப்புறம் உரிமை. நடனம் காற்றில் எழுதிய எழுத்து என்பார்கள், சட்டமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. 1952-இல் ஹான்யா ஹோம், 'கிஸ் மி, கேட்' நாடகத்துக்குத் தான் அமைத்த நடனங்களை அசைவுகளைச் சின்னங்களாக எழுதும் லாபன் குறியீட்டு முறையில் தாளில் எழுதவைத்து அமெரிக்காவில் காப்புரிமைப் பதிவு செய்தார். அங்கே நடன அமைப்பு ஒன்று பதிவானது அதுவே முதல் முறை என்பார்கள். 1976-இல் இயற்றிய காப்புரிமைச் சட்டத்தில்தான் நடன அமைப்பு என்ற சொல்லே தனி வகையாக இடம்பெற்றது. அதிலும் நிபந்தனை உண்டு: குறியீடாகவோ படமாகவோ எதிலாவது பதிவாகியிருக்க வேண்டும். கூடத்தில் சொல்லிக்கொடுத்தது மட்டும் போதாது.

உரிமை இருந்தாலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு இசை நாடகம் நின்ற பிறகு அதை உலகெங்கும் கல்லூரிகளும் சிறு குழுக்களும் உரிமம் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களுக்கு அனுப்பப்படும் பெட்டியில் வசனம் இருக்கும், இசைக் குறிப்பு இருக்கும். பெரும்பாலும் நடனம் இருக்காது. அங்கங்கே உள்ளவர்கள் புதிதாக அமைத்துக்கொள்வார்கள். ராபின்ஸ் போன்ற சிலருடைய நடனங்களுக்கு மட்டும் தனி அறக்கட்டளையும் உரிம ஏற்பாடும் உண்டு. மற்றவர்களுக்கு நாடகம் நின்ற இடத்தில் வருமானமும் நின்றுபோகிறது. 

சுத்த நடன உலகில், அதாவது சொந்தக் குழு வைத்து நடத்துபவர்களுக்கு, வேறு விதமான கண்ணி. நவீன நடன அமைப்பாளர் மார்த்தா கிரகாம் 1991-இல் இறந்தபோது தன் சொத்தையும் உரிமைகளையும் ஒருவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வழக்கு வந்தது. 2002-இல் நீதிமன்றம் அவருடைய பெரும்பாலான நடனங்கள் அவருடையவையே அல்ல, அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்த மையத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மையம் அவர் பெயரில் அவரே உண்டாக்கியது என்பதுதான் கொடுமை. ஜார்ஜ் பாலன்சின் இதில் கெட்டிக்காரர்: தன் பாலேக்களை ஒவ்வொன்றாகப் பெயர் குறிப்பிட்டு, கூட வேலைசெய்தவர்களுக்கு உயில் எழுதிவைத்தார். 1987 முதல் ஓர் அறக்கட்டளை அவற்றைக் கவனித்து, யார் ஆட வேண்டுமானாலும் ஆள் அனுப்பிச் சொல்லிக்கொடுக்கிறது.

நஷ்டக் கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறேனோ? நடன அமைப்பாளருக்கு மற்ற இருவருக்கும் இல்லாத ஒன்று கிடைக்கிறது: அதிகாரம். ராபின்ஸ், ஃபாஸி, பென்னட், சூசன் ஸ்ட்ரோமன் எல்லோரும் நடன அமைப்பிலிருந்து நேராக நாடகத்தின் இயக்குநர் நாற்காலிக்குப் போனவர்கள். 1973-இல் ஒரே வருஷத்தில் ஃபாஸி ஆஸ்கர், டோனி, எம்மி மூன்றையும் இயக்கத்துக்காக வாங்கினார். கோரஸிலிருந்து அப்படிப் போக முடியாது. பியானோவிலிருந்தும் அரிது.

இனி இசையமைப்பாளர். இங்கே கணக்கு தலைகீழ். முதலில் நீண்ட வறட்சி, வந்தால் பெரிய மழை. அமெரிக்க மேடையில் 1926-இலேயே நாடகாசிரியர்கள் ஒரு ஒப்பந்தம் போட்டு வென்றுவிட்டார்கள்: எழுதியது எழுதியவருக்கே சொந்தம், தயாரிப்பாளர் அதை வாடகைக்கு எடுக்கிறார், அனுமதியில்லாமல் ஒரு வரியை மாற்ற முடியாது. இசையமைப்பாளரும் இந்தக் குடைக்குள் வருகிறார். மேலே சொன்ன உரிமப் பெட்டி எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அவர் பங்கு வந்துகொண்டே இருக்கும். 1981-இல் ஸ்டீஃபன் சோந்தைமின் 'மெரிலி வி ரோல் அலாங்' பதினாறே காட்சிகளில் மூடப்பட்டது. பல வருஷங்கள் திருத்தங்களோடு எங்கெங்கோ போடப்பட்டு, 2023-இல் பிராட்வேக்குத் திரும்பி, அடுத்த வருஷம் சிறந்த மறுதயாரிப்புக்கான டோனி வாங்கியது. 1981-இல் தோற்ற நடனம் எது, அதை யார் ஆடினார்கள் என்று இன்று யாருக்கு நினைவிருக்கிறது? பாட்டு தாளில் இருந்தது, அதனால் பிழைத்தது.

ஏரன் கோப்லண்ட் மார்த்தா கிரகாமுக்காக எழுதிய 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' இன்னும் தெளிவாகக் காட்டும். 1944-இல் பதின்மூன்று வாத்தியங்களுக்கு எழுதினார். தாளில் அவர் வைத்த பெயர் வெறுமனே 'மார்த்தாவுக்கு ஒரு பாலே'. அடுத்த வருஷம் புலிட்சர் வந்தது, பெரிய இசைக்குழுவுக்கான வடிவமும் வந்தது. இன்று நடனத்தைப் பார்த்தே இராத லட்சக்கணக்கானோர் அந்த இசையைக் கச்சேரியில் கேட்கிறார்கள். இசை தன் வழியில் போய்விட்டது. நடனத்துக்கோ அந்த இசையை விட்டால் போக்கிடம் இல்லை.

ஆனால் மழை வரும்வரை என்ன செய்வது? ஜோனதன் லார்சன் பத்து வருஷத்துக்குப் பக்கமாக உணவகத்தில் பரிமாறிக்கொண்டே எழுதினார். 1996 ஜனவரி 25 அதிகாலையில், 'ரென்ட்' முன்னோட்டக் காட்சிகள் தொடங்க வேண்டிய நாளில், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். பிறகு அது பிராட்வேயில் பன்னிரண்டு வருஷம் ஓடியது. ஃபிலிப் கிளாஸ் 1976-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மேடையில் தன் படைப்பு நடந்த பிறகும் டாக்ஸி ஓட்டினார். ஓட்டுவதை நிறுத்தும்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இவர்கள் பெயர் வாங்கியவர்கள். பரிமாறிக்கொண்டே நின்றுபோனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இசையமைப்பாளருக்கு வேறொரு வருமானம் கட்டாயம் வேண்டும், அதுவும் தலையைக் காலியாக விடுகிற வருமானமாக இருக்க வேண்டும்.

அந்த வருமானம் ஒத்திகைக் கூடத்துக்குள்ளேயே கிடைத்தால்? ஜான் கேண்டர் 1957-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் பியானோக்காரர் விடுப்பில் போனபோது மாற்றாளாக வாசித்தவர். அங்கிருந்து 'ஜிப்ஸி' ஆடிஷன்களுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். கூடத்தில் இருந்த ராபின்ஸ் அவரையே 1959-இல் அந்த நாடகத்தின் நடன இசையைத் தொகுக்கச் சொன்னார். நான் மேலே சொன்ன அந்த 'இன்னொரு எட்டு' வேலை. ஏழு வருஷம் கழித்து 'காபரே' கேண்டரின் இசையில் வந்தது, 1975-இல் 'சிகாகோ'. அதன் மறுதயாரிப்பு 1996 முதல் இன்றுவரை ஓடுகிறது.

இதே நாற்காலியில் உட்கார்ந்த ட்ரூட் ரிட்மனையும் சொல்லியாக வேண்டும். டி மில்லோடும் ராபின்ஸோடும் பல வருஷம் வேலைசெய்தவர். 'தி கிங் அண்ட் ஐ' நாடகத்தில் வரும் நீண்ட பாலேயின் இசை அவர் கைவேலை. ஆனால் சுவரொட்டியில் இசை என்ற இடத்தில் அவர் பெயர் வராது. கேண்டர் அந்த நாற்காலியைப் படியாக ஏறினார், ரிட்மன் அதிலேயே கடைசிவரை இருந்தார். திறமையில் இருவருக்கும் வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் தன் சொந்த நாடகத்தையும் எழுதிக்கொண்டிருந்தால்தான் அந்த நாற்காலி படியாகும்.

ஆக, பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இருந்து, உடம்பு தயாராகவும் இருந்தால், நான் ஆடத்தான் சொல்வேன். இசையை முப்பதில் தொடங்கலாம், நடன அமைப்பை நாற்பதில்கூடத் தொடங்கலாம், ஆட்டத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது. ஆடும் வருஷங்களில் இசைக் குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பின்னால் இரண்டு பாதையும் திறந்திருக்கும். ஆட்டம் சுமார்தான், பியானோதான் உயிர் என்றால் ஆடிஷன் வரிசையில் நின்று காலத்தைப் போக்க வேண்டாம். நேராக ஒத்திகைப் பியானோவுக்குப் போகலாம். ஆடாமலே நடன அமைப்பாளர் ஆக முடியுமா என்று கேட்பவர்களை மட்டும் நான் ஊக்குவிப்பதில்லை.

ஏற்கனவே இருபத்தெட்டு வயதாகி, முழங்காலில் ஐஸ் பை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த ஆடிஷனைவிட, இப்போது ஆடும் நாடகத்தின் நடன அமைப்பாளரிடம் போய் உதவியாளர் வேலை கேட்பது மேல். அதுவரை, கூடத்தில் தானாக முயன்று பார்க்கிற ஒவ்வொரு துண்டு நடனத்தையும் தேதியோடு போனில் பிடித்து வைக்கட்டும். முழு உருவமும் காலும் தெரிய, எண்ணிக்கை கேட்கும்படி.